எண்ணெய் இல்லாத இரண்டு காலங்கள்

என் ஆயுளில் இரண்டு முறை பெற்றோல் காணாமல் போயிருக்கிறது. முதல்முறை 1990 ஜூனில். எனக்குப் பன்னிரண்டு வயது. இரண்டாம்முறை 2022 ஜூனில், நாற்பத்துநாலு. இரண்டு முறையும் மன்னாரில்தான் இருந்தேன். இரண்டு முறையும் சைக்கிளில் ஏறினேன். முதல்முறை ஏறியதைச் சைக்கிள் ஓட்டம் என்று நான் நினைத்ததே இல்லை. அது வீட்டு வேலை, தண்ணீர் அள்ளுவது மாதிரி. இரண்டாம்முறை ஏறியவன் பெற்றோல் திரும்பி வந்த பிறகும் இறங்கவில்லை. இப்போது வருடத்தில் இரண்டு மூன்று தரம், பின்சில்லின் இருபக்கமும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளிக்கிட்டு, போகிற ஊரில் இராத் தங்கி வருகிறேன். நடுவயதில் பழைய காதல் திரும்பிவிட்டது என்று கூட்டாளிமார் பகிடி பண்ணுகிறார்கள். திரும்பி வருவதென்றால் முதலில் இருந்திருக்க வேண்டுமே. இருந்ததா? அதைப் பார்க்கத்தான் இரண்டு சைக்கிளையும் அருகருகே ஸ்ராண்டில் நிறுத்துகிறேன்.

முதலாவது அப்பாவுடைய றலி. இருபத்தெட்டு அங்குலச் சில்லு, கம்பி பிறேக், கறுப்பு நிறம். எங்கள் வீடு அடம்பன் பக்கம், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களுக்கு நடுவே. பாருக்கு மேலால் கால் எட்டாத வயதில், பாருக்குள்ளால் ஒரு காலை விட்டு, உடம்பைக் கோணலாகத் தொங்கவிட்டு, குளக்கட்டில்தான் ஓடப் பழகினேன். பழகி முடித்த கையோடு சண்டை தொடங்கியது. தலைமன்னார் ரயில் நின்றது. மின்சாரம் போனது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று வடக்குக்கு வரக்கூடாத பொருட்களின் பட்டியல் ஒன்று வந்தது. அந்தத் தடை ஒருவழியாக விலகியது 2002 ஜனவரியில். கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம். அதற்குள் நான் பாருக்கு மேலால் கால் போடும் உயரத்துக்கு வளர்ந்து, மீசை வைத்து, வேலை தேடவும் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பன்னிரண்டு வருடமும் றலிதான் எங்கள் வீட்டு லொறி, பஸ், அம்புலன்ஸ். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஓரிருவர் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஒழுங்கையால் போவார்கள். மற்றவர்கள் எல்லாரும் உழக்கினோம். நெல் குத்தப் போகும் நாளில் ஒரு மூடையைக் கரியரில் நீளப்பாட்டுக்கு வைத்து, பழைய ரியூபைக் கீலமாக வெட்டிய பட்டியால் இழுத்துக் கட்டுவார் அப்பா. அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும். அவர் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ள, நான் பின்னால் மூடையில் கை வைத்துச் சரியாமல் பார்த்துக்கொண்டு நடப்பேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோதும் அதே கரியர். தங்கச்சிக்கு முன் பார். ரயர் தேய்ந்து நூல் தெரியும்போது உள்ளுக்கு இன்னொரு ரயர்த் துண்டு வைத்துச் சமாளிப்போம். ரியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. பஞ்சர் ஒட்டுகிற சொலூசன் வீட்டில் இருப்பது அரிசி இருப்பதற்கு அடுத்த நிம்மதி.

இரவில் அந்தச் சைக்கிளுக்கு இன்னொரு வேலை இருந்தது. பற்றறி இல்லாத வானொலிக்கு அதன் டைனமோதான் உயிர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியில் கொடுத்துவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. சுற்றினால் பி.பி.சி. தமிழோசை பேசும். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து கிணற்றுக்குள் போகும். "சுத்தடா, சுத்தடா" என்று சுற்றியிருந்த பெரியவர்கள் கத்துவார்கள். எந்த ஊரில் என்ன விழுந்தது என்று அவர்கள் கேட்டார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் சில்லின் இரைச்சல்தான். உலகச் செய்தியைக் கையால் அரைத்தெடுத்த தலைமுறை நாங்கள்.

இரண்டாவது சைக்கிளுக்கு வருவோம். 2022 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகள் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபா இருந்த பெற்றோல் 470 ரூபா ஆகியிருந்தது, அதுவும் கிடைத்தால்தான். மன்னார் நகரத்தில் என் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு, அதன் நிழலிலேயே இரண்டு இரவு படுத்தேன். மூன்றாம் நாள் காலை, முன்னால் நின்றவர் தன் வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டு நானும் திரும்பினேன். கொட்டிலில் மகன் ஓடி விட்ட லுமாலா சைக்கிள் கிடந்தது. சீற்றுக்குக் கீழே கோழி அடைகாத்த வைக்கோல். செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு ரியூபும் மாற்றி அலுவலகத்துக்கு உழக்கினேன். நாலு கிலோமீற்றர்தான். போய் இறங்கியபோது தொடை நடுங்கியது, கை வியர்த்தது. வரவேற்பில் இருந்த பிள்ளை தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். பன்னிரண்டு வயதில் நெல் மூடையோடு போன தூரத்தில் பாதி இது.

இரண்டு பஞ்சங்களுக்கும் வேர் வேறு. முதலாவதில் எண்ணெய் நாட்டில் இருந்தது, எங்களுக்கு விடவில்லை. இரண்டாவதில் வாங்க டொலர் இல்லை. முதலாவது வடக்கோடு நின்றது. இரண்டாவது தெற்கே அம்பாந்தோட்டை வரைக்கும் எல்லார் வீட்டுக்கும் போனது. இந்த வித்தியாசம் சைக்கிளிலும் தெரிந்தது. 2022இல் கொழும்புப் பத்திரிகைகள் ரை கட்டிய உத்தியோகத்தர்கள் சைக்கிளில் போகும் படத்தை முன்பக்கத்தில் போட்டன. விலை ஏறியது, கடைகளில் சைக்கிள் இல்லை, பாதையில் சைக்கிளுக்குத் தனி ஒழுங்கை வேண்டும் என்று தலையங்கம் எழுதினார்கள். எழுதட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அதைப் படித்த கிழவர்களின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் ஒரு மாகாணமே உழக்கியபோது அது படமாகவில்லை.

ஓகஸ்டில் கியூ.ஆர். முறை நாடு முழுக்க வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். எனக்கு அது போதுமாக இருந்தது; மிஞ்சக்கூடச் செய்தது. காரணம், மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பாமல் லுமாலாவில் தாம்போதிப் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தேன். மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் மூன்று கிலோமீற்றர் பாதை அது, இருபக்கமும் ஆழமில்லாத கடல். ஜப்பான் உதவியோடு கட்டிய புதுப்பாலத்தை 2010 மார்ச்சில் திறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தை ஆயிரம் முறையாவது மோட்டார் சைக்கிளில் கடந்திருப்பேன். மணித்தியாலத்துக்கு அறுபது கிலோமீற்றரில் அது மூன்று நிமிடம். சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம், பூநாரை நின்றால் ஒரு மணித்தியாலம். அந்தக் கடலும் சேறும் வங்காலைச் சரணாலயத்தோடு சேர்ந்தவை. 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிய இடம். கார்த்திகையில் ஊசிவால் வாத்துகள் மத்திய ஆசியாவைத் தாண்டி வந்து இறங்கும்போது தண்ணீர் கறுத்துத் தெரியும். நான் மன்னாரான். இதைப் பார்க்க எனக்கு நாற்பத்துநாலு வயதும் ஒரு பொருளாதார நெருக்கடியும் தேவைப்பட்டிருக்கின்றன.

இங்கேதான் இரண்டு சைக்கிளும் உண்மையில் பிரிகின்றன என்று நினைக்கிறேன். ஓடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, நிற்பதில் இருக்கிறது. றலியில் போன காலத்தில் நிற்பது ஒருபோதும் எங்கள் தீர்மானமாக இருந்ததில்லை. சோதனைச் சாவடி தெரிந்ததும் ஐம்பது யார் முன்னாலேயே இறங்கவேண்டும். தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். பிறகு கட்டை அவிழ்க்கச் சொல்வார்கள். பாரம் கட்டிய சைக்கிளை நிறுத்துவது எவ்வளவு கொடுமை என்று கட்டியவனுக்குத்தான் தெரியும். ஸ்ராண்ட் தாங்காது, சாய்த்து வைக்க மரம் இராது, ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க மற்றவர் அவிழ்க்கவேண்டும். மூடையை இறக்கி, கொட்டிக் காட்டி, மறுபடி அள்ளி, மறுபடி கட்டி முடிக்க அரை மணித்தியாலம். உயிலங்குளச் சாவடியில் நாங்கள் அவிழ்த்துக் கட்டிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பு முடித்திருக்கலாம். அதனால்தான் அந்தக் காலத்துச் சைக்கிள்காரனின் ஒரே பிரார்த்தனை நிற்காமல் போய்ச் சேரவேண்டும் என்பது. வழியில் என்ன பறவை நின்றது என்று எவனாவது பார்த்தானா? பறவைகள் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இப்போது தள்ளாடிச் சந்தியைத் தாண்டியதும் காலை ஊன்றி நிற்பது என் வழக்கம். எவரும் நிற்கச் சொல்லவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே சிலவேளை தேவையில்லாமலும் நிற்கிறேன்.

சைக்கிளின் உடம்பை வைத்து ஒப்பிட்டால் பழையதற்குத்தான் வெற்றி. பொருளாதாரம் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, ஜப்பானில் ஓடிக் கழித்த கியர் சைக்கிள் ஒன்றைக் கொழும்பில் வாங்கினேன். அதன் அலுமினியக் கரியரில் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று அச்சடித்திருக்கிறது. கடைக்காரர் அதைக் கவனமாகச் சுட்டிக் காட்டினார். அப்பாவின் கரியர் வாசிக்கத் தெரியாத கரியர், எவ்வளவு ஏற்றினாலும் சுமந்தது. இது எங்கள் ஊரின் அதிசயம் மட்டும் என்றும் சொல்லமாட்டேன். 1954இல் தியன் பியன் பூ போரில் வியட்நாமியர் பிரெஞ்சுக்காரரின் பெஜோ சைக்கிள்களுக்கு மூங்கில் கட்டி, ஒவ்வொன்றிலும் இருநூறு கிலோவுக்கு மேல் அரிசியும் வெடிமருந்தும் ஏற்றி மலைப்பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஹாண்டிலில் ஒரு நீளத் தடி, சீற்றுக்குப் பின்னால் ஒரு செங்குத்துத் தடி, தள்ளுகிறவன் பக்கத்தில் நடப்பான். அந்தப் படங்களைப் பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். வன்னியில் விறகு கொண்டுவந்தவர்கள் அப்படித்தான் தடி கட்டியிருந்தார்கள். அவர்களுக்கு வியட்நாம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பாரம் தானாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

சுற்றுலாச் சைக்கிள்காரர்கள் பாரம் பற்றிப் பேசத் தொடங்கினால் விடமாட்டார்கள். பாரம் தாழ இருக்கவேண்டும், இருபக்கமும் சமமாக இருக்கவேண்டும், முழுவதையும் பின்னுக்கு ஏற்றினால் முன்சில்லு ஆடும். இதெல்லாம் நான் நாற்பத்தைந்து வயதில் காணொளி பார்த்துப் படித்தேன். 2024 தை மாதம், பூநகரி வரைக்கும் போய் ஒரு நாள் தங்கித் திரும்புவதென்று முடிவெடுத்து, முதல் நாள் இரவு விறாந்தையில் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்திருந்தா. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தா.

"தம்பி, உதென்ன கட்டு? பாரம் முழுக்க மேல நிக்குது. வளைவில ஆளைச் சாய்ச்சுப்போடும்."

என்னை விலக்கிவிட்டு எல்லாவற்றையும் அவிழ்த்தா. தண்ணீர்ப் போத்தல், அவல், பழம், சாவிக்கூட்டம் எல்லாம் அடிக்கு. உடுப்பு மேலே. வலது பையைத் தூக்கிப் பார்த்து, இடது பையைத் தூக்கிப் பார்த்து, ஒரு சவர்க்காரத்தை இங்கிருந்து அங்கே மாற்றினா. கையே தராசு. கடைசியில் என் அடையாள அட்டை இருந்த சின்னப் பையை எடுத்து என்னிடமே நீட்டினா.

"பத்திரம் எல்லாம் உடம்போட. சைக்கிளோட விடாதை."

2008இல் சண்டை மன்னார்ப் பெருநிலத்தால் வடக்கே நகர்ந்தபோது அக்கா குடும்பமும் சைக்கிள்களோடு நகர்ந்தது. மே மாதம் அடம்பன் விழுந்தது, ஜூலையில் விடத்தல்தீவு, நவம்பரில் பூநகரி. அவர்கள் வெள்ளாங்குளம், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஒவ்வொரு இடத்திலும் அவிழ்த்து, ஒவ்வொரு இடத்திலும் கட்டினார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஏதாவது ஒன்று குறைந்தது: தையல் மெசின், பிறகு பெரிய பானை, பிறகு பாய். நான் காணொளியில் படித்த பாரச் சமநிலைச் சாத்திரத்தை அக்கா அந்தப் பாதையில் படித்திருந்தா. முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதம் விட்டுப்போன சைக்கிள்களின் குவியலைப் படங்களில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அதில் அக்காவுடையது எது என்று ஒருமுறை கேட்டேன்.

"குவியலுக்குள்ள இல்லை. நான் ஸ்ராண்டில விட்டிட்டுத்தான் வந்தனான். சாய்ச்சுப் போட மனம் வரேல்லை."

இந்த ஒப்பீடு இந்த இடத்தில் கொஞ்சம் தடுக்குகிறது. பை கட்டிய சைக்கிளும் மூடை கட்டிய சைக்கிளும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றேதான். வீட்டில் இருப்பதில் எது தேவை என்று தேர்ந்து, இரண்டு சில்லில் ஏற்றி, பாதையில் இறங்குவது. சுற்றுலாக்காரன் அதை 'எளிமையான வாழ்க்கை' என்பான். நானும் சொல்லியிருக்கிறேன், அக்கா இல்லாத இடங்களில். ஆனால் நான் விட்டுவிட்டு வந்த சாமான் எல்லாம் வீட்டில் அப்படியே இருக்கிறது.

சைக்கிளே ஏற முடியாத பயணங்களும் இந்தத் தீவில் நடந்திருக்கின்றன. தலைமன்னார் வீதியால் போகும்போது தாராபுரமும் எருக்கலம்பிட்டித் திருப்பமும் வரும். 1990 ஒக்ரோபரில் புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, இந்தத் தீவு ஆட்கள் வள்ளத்தில் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். கட்டிய சாமானில் பெரும்பகுதி கரையில் நின்றது. எனது 'இரண்டு காலங்கள்' என்ற கணக்குக்குள் அவர்களின் காலம் அடங்காது. அடக்கப் பார்ப்பதும் பிழை.

பாதைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் காதல் என்ற சொல்லில் காப்பெற் வீதிக்கும் ஒரு பங்குண்டு. அந்தக் காலத்தில் மன்னார்–பூநகரி வீதி, இன்று ஏ32 என்று பலகை போட்டிருப்பது, குண்டும் குழியுமான செம்மண். மாரியில் சேறு செயினுக்குள் ஏறி ஃப்ரீவீல் இறுகிவிடும். தடியால் நோண்டி எடுத்தால்தான் மறுபடி சுற்றும். இப்போது வழுவழுப்பாக இருக்கிறது. விடத்தல்தீவு, பள்ளமடு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி. பிறகு 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் ஏறினால் யாழ்ப்பாணம். மொத்தம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். மேடு பள்ளம் இல்லை. புதிதாகத் தொடங்கும் நடுவயதுக்காரனுக்கு இதைவிட நல்ல பாதை இலங்கையில் கிடையாது என்பது என் கட்சி. மலைநாட்டுக்காரர் சண்டைக்கு வரலாம்.

மேடு இல்லாத குறையைக் காற்று தீர்த்து வைக்கும். மன்னாரில் காற்றுத்தான் மலை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கால் அடிக்கும், கார்த்திகைக்குப் பிறகு வாடை வடகிழக்கால். தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடப்பதால் மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குப் போகிறவனுக்கு இரண்டு காற்றும் பக்கக் காற்று. சோளகம் இடதுபக்கத்தால் தள்ளும், வாடை வலதுபக்கத்தால். லொறி ஒன்று தாண்டிப்போகும் கணத்தில் காற்று மறைந்து, உடனே மறுபடி அறையும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காவிட்டால் பனைவடலிக்குள்தான். ஏ32 வேறு கணக்கு. அது வடக்கே, கொஞ்சம் கிழக்காகச் சாய்ந்து போகிறது. ஆடி மாதம் பூநகரிக்குப் போனால் சோளகம் முதுகில் கை வைத்துத் தள்ளும். தை மாதம் போனால் வாடை நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். நான் போனது தை மாதம். அப்பா உயிரோடு இருந்திருந்தால் 'காத்தைக் கேக்காமல் வெளிக்கிட்டனியோ' என்று கேட்டிருப்பார். இருபத்தொரு கியர் இருந்தும் மணித்தியாலத்துக்குப் பத்துக் கிலோமீற்றரைத் தாண்ட முடியவில்லை. எதிர்க்காற்றில் மட்டும் இரண்டு சைக்கிளும் ஒன்றுதான். தலை குனிந்து, முன்சில்லைப் பார்த்து, எண்ணி எண்ணி உழக்கவேண்டியதுதான்.

அதே காற்றைத்தான் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் பிடித்து 103.5 மெகாவாற் மின்சாரம் ஆக்குகின்றன. 2020 டிசம்பரில் தொடங்கியது, பெயர் தம்பபவனி. இன்னும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் மன்னார் நகரத்தில் சனம் நாட்கணக்காக வீதியில் இருந்தது. வெள்ளம் வடிவது, மீன்பாடு, பறவை எல்லாம் அதில் பேசப்பட்டன. ஒரு டைனமோவைக் கையால் சுற்றி வளர்ந்தவனுக்கு அந்தப் பெரிய இறக்கைகளுக்குக் கீழே நிற்கும்போது என்ன பக்கம் எடுப்பது என்று தெரியாமல் கழுத்துத்தான் வலிக்கிறது.

பேசாலையிலிருந்து மீன் கொண்டுவரும் தம்பி ஒருவர் காலையில் என்னைக் கடந்து போவார். கரியரில் மரப்பெட்டி, ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். கியர் இல்லை. பக்கக் காற்றில் நான் தள்ளாடிக்கொண்டிருக்கும்போது அவர் ஹோர்னை அமுக்கிவிட்டு முந்துவார். "அண்ணே, இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று கேட்பார். அவருக்குச் சைக்கிள் ஒருபோதும் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. பாண்காரருக்கும் மேசன் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். என் முதல் சைக்கிளை இறந்தகாலம் என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அது பக்கத்தால் மணி அடித்துக்கொண்டு போகிறது.

'தடைக்காலத்தில் எல்லாரும் சைக்கிள் ஓடி எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தோம், சீனி வருத்தம் கேள்விப்பட்டோமா' என்று ஏங்குகிற ஒரு கூட்டம் இப்போது உண்டு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் அதிகம் சொல்வது. எனக்கு அந்தப் பேச்சில் பொறுமை இல்லை. மருந்து இல்லாமல், கரியரில் உட்கார்ந்தபடியே வழியில் செத்தவர்களை நாங்கள் கண்டோம். அந்தச் சைக்கிளை அழகாக்க வேண்டாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நெல்லைக் குத்தி முடித்து, வெறும் கரியரோடு திரும்பும்போது, சிலநாள் அப்பா என்னைத் தனியே விடுவார். நான் நேரே வீட்டுக்குப் போகாமல் குளக்கட்டில் ஏறி, உச்சியிலிருந்து பெடலை விட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். இருபது விநாடி. பிறகு மறுபடி உருட்டி ஏறுவேன். காதல் என்று ஏதாவது இருந்திருந்தால் அந்த இருபது விநாடிகளில்தான். மூடையோடு போன மிச்ச நேரம் அதற்குக் கொடுத்த வட்டி.

பெண்கள் கதை தனியே எழுதவேண்டியது. ஒரு வார்த்தை மட்டும். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் தோள் கொடுத்தார், பி. சாய்நாத் எழுதியதால் உலகமே அறிந்தது. அதே வருடங்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் ஆசுப்பத்திரிக்கும் சைக்கிளில்தான் போய்வந்தார்கள். புதுக்கோட்டையில் அது விடுதலையின் அடையாளமானது. இங்கே அதற்கு அப்படி ஒரு பெயரும் கிடைக்கவில்லை, பாட்டும் கிடைக்கவில்லை. ஒருமுறை அக்காவை நான் கூப்பிட்டேன், தலைமன்னார் வரைக்கும் மெதுவாகப் போய்வருவோம், 29 கிலோமீற்றர்தான், இறங்குதுறையில் இருந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப ரயிலில் வரலாம் என்று. மாட்டன் என்றா.

"நான் ஓடவேண்டியதை ஓடி முடிச்சிட்டன் தம்பி."

ஆக, இந்தக் காதல் எல்லாருக்கும் திரும்பி வராது. திரும்பி வரவேண்டும் என்று சட்டமும் இல்லை.

அந்தத் தை மாதப் பயணத்தில் காற்றோடு மல்லுக்கட்டி இலுப்பைக்கடவையைத் தொட்டபோது பின்னேரம் ஆகிவிட்டது. வீதியோரம் ஒரு தேத்தண்ணிக் கடை, தகரக் கூரை, முன்னால் ஒரு வாங்கு. சைக்கிளைக் கடைத் தூணில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். வாங்கின் மறுமுனையில் இருந்த ஐயா ஒருவர் என்னைப் பார்க்கவில்லை. இருபக்கமும் பொதி கட்டிய சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியிருக்கும். பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்கால வாறியள்?"

"மன்னாரால ஐயா."

"ஏன், அங்க ஏதும் பிரச்சினையோ?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு அவர் கண் போன திசையில் என் பைகளைப் பார்த்தேன்.

"ஒண்டும் இல்லை ஐயா. பூநகரி மட்டும் போறன். சும்மா."

"சும்மாவோ?"

அந்தச் சொல்லை அவர் வாய்க்குள் வைத்துக் கொஞ்ச நேரம் மென்றார். பிறகு எழும்பி வந்து சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றினார். கட்டை இழுத்துப் பார்த்தார்; அக்கா கட்டியது, அசையவில்லை. குனிந்து பின் ரயரைப் பெருவிரலால் அமுக்கினார்.

"பாரத்துக்கு இந்தக் காத்துக் காணாது. பம்ப் வச்சிருக்கிறியளோ?"

வைத்திருந்தேன். பையின் அடியில் இருந்தது.